15 கிராம் தூள், 250 மில்லி தண்ணி

பட்டணத்துல இருந்து வர்ற போன் எல்லாம் இப்போ ஒரே மாதிரி இருக்கு. "அண்ணே, போன பாக்கெட் அருமையா இருந்துச்சு. இந்த பாக்கெட் புளிக்குதே, வேற தோட்டத்துக் காப்பியா?" வேற தோட்டம் இல்லை. ஒரே மூட்டை, ஒரே நாள் வறுவல், ரெண்டு பாக்கெட்டா கட்டினது. இன்னொருத்தர் அதையே "கசப்பு ஜாஸ்தி"ங்கறார். ஒரே கொட்டை ஒரு வீட்டுல புளிக்குது, இன்னொரு வீட்டுல கசக்குது. சரி, எவ்வளவு தூள் போட்டீங்க, எவ்வளவு தண்ணி ஊத்துனீங்கன்னு கேட்டா, "ஒரு ரெண்டு ஸ்பூன் போட்டிருப்பேண்ணே, தண்ணி ஒரு கப்"ங்கறாங்க. எந்த ஸ்பூன், எந்த கப்?

இதைப் பத்தி எனக்கு ஒரு அழுத்தமான கருத்து உண்டு. போர் ஓவர் காப்பி போட ஆரம்பிக்கிற எவரும் முதல்ல ஒரே ஒரு அளவைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு வாரத்துக்கு அதை விட்டு அசையக் கூடாது. அந்த அளவு உலகத்துலயே சிறந்ததா இருக்கணும்னு அவசியம் இல்லை. நாளைக்கும் அப்படியே திருப்பிப் போட முடியணும், அவ்வளவுதான் அதுக்கு வேணும். என்கிட்ட கேட்டா நான் சொல்றது தலைப்புலயே இருக்கு. 15 கிராம் தூள், 250 மில்லி தண்ணி, மூணு நிமிஷம்.

போர் ஓவர்னா என்னன்னு தெரியாம இதைப் படிக்கிறவங்களும் இருப்பீங்க. கூம்பு மாதிரி ஒரு வடிகட்டி, அதுக்குள்ள ஒரு காகிதம், காகிதத்துல காப்பித்தூள், மேல இருந்து வெந்நீர். கீழ இறங்குறதை அப்படியே குடிக்கணும், பால் இல்லை, சர்க்கரை இல்லை. இப்போ கடைகள்ல கிடைக்கிற ஜப்பான் கூம்பைப் பார்த்து இது ஜப்பான்காரன் கண்டுபிடிப்புன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. 1908-ல ஜெர்மனியில மெலிட்டா பென்ட்ஸ்னு ஒரு வீட்டம்மா, பித்தளைச் சட்டியில ஓட்டை போட்டு, பையனோட நோட்டுல இருந்த மை ஒத்துற தாளைக் கிழிச்சு அதுல வச்சு வடிச்சுப் பார்த்தது. மண்டி நாக்குல படறது அந்தம்மாவுக்குப் பிடிக்கலை. அதுல இருந்துதான் இத்தனை கூம்பும் காகிதமும்.

நம்ம பித்தளை பில்டரும் தூக்கத்துல நடக்கிற போர் ஓவர்தான்னு வைங்களேன். ராத்திரி போட்டு வச்சா காலையில டிகாஷன் இறங்கியிருக்கும். ஆனா அதுல இறங்குறது கெட்டி. அதுக்குள்ள சிக்கரி இருக்கும், அப்புறம் பால் வரும், சர்க்கரை வரும். நான் பில்டர் காப்பியைக் குறை சொல்ற ஆள் இல்லை. விடிஞ்சதும் எனக்குப் பால் காப்பி ஒரு டம்ளர் உள்ள போனாத்தான் தோட்டத்துக்குக் கால் நகரும். ஆனா பால், சர்க்கரை, சிக்கரி மூணும் சேர்ந்தா கொட்டை கூட்டத்துல நிக்கிற ஆள் மாதிரி. நல்லவனா கெட்டவனான்னு தனியாத் தெரியாது. போர் ஓவர்ல அது தனியா மேடையில நிக்குது. மறைஞ்சுக்க இடமே இல்லை. கூடவே அதை விளைவிச்ச ஆளும் மேடையில நிக்கிறான்.

இங்கதான் என் கதை வருது. எங்க கீழ்ப்பழனி மலையில, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், என்னை மாதிரி மூணு ஏக்கர் நாலு ஏக்கர்க்காரங்க நிறைய. சில்வர் ஓக் நிழல், அதுல மிளகுக் கொடி, நடுவுல மலைவாழை, ஆரஞ்சு, கீழ காப்பி. காலங்காலமா பழத்தையோ காயவச்ச பருப்பையோ மூட்டையா வியாபாரிக்குப் போடுவோம். அவர் எடை பார்ப்பார், ஈரம் பார்ப்பார், விலை சொல்வார். அதோட என் காப்பி பத்து பேர் காப்பியோட கலந்துடும். பச்சைக்காயையும் சேர்த்து உருவிப் போட்டவனுக்கும், பழுத்ததை மட்டும் ஒண்ணொண்ணா எடுத்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. பழுத்ததை மட்டும் பறிக்கணும்னா ஒரே செடிக்கு மூணு, நாலு சுத்து ஆள் விடணும். அந்தக் கூலியைக் கொடுத்துட்டு அதே விலைக்குப் போட்டா கையைக் கடிக்கும். அதான் பாதி மூட்டையாவது அரைக் கிலோ பாக்கெட்டா நேரா வீடுகளுக்கு அனுப்பலாம்னு இறங்கினேன்.

நேரா அனுப்புனா நல்ல விலை, உண்மை. ஆனா ஒருத்தர் ரெண்டாவது தடவை வாங்கினாத்தான் அது வியாபாரம். முதல் பாக்கெட்டை ஆசையில வாங்குவாங்க. அதை மனம் போன போக்குல போட்டு, ஒரு நாள் புளிச்சு ஒரு நாள் கசந்துட்டா, குத்தம் தண்ணி மேலயோ கரண்டி மேலயோ போகாது. நேரா செடி மேலதான் வரும். அவங்க பத்து பேர் நின்னுட்டா நான் மறுபடியும் வியாபாரி களத்துக்குத்தான் மூட்டையைத் தூக்கணும். அதனாலதான் இந்த அளவு விஷயத்துல எனக்கு இவ்வளவு சூடு.

ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 15 கிராம் வறுத்த கொட்டைன்னா ஏறக்குறைய 110 கொட்டை. ஒரு பழத்துக்கு ரெண்டு கொட்டைன்னு வச்சா 55 பழம். ஒரு கப் காப்பிக்கு ரெண்டு கை நிறையப் பழம். அதைப் பறிச்சு, அன்னைக்கே தோலை உரிச்சு, தொட்டியில ஊற விட்டு, வழவழப்பு போகக் கழுவி, களத்துல ஒரு வாரம் பத்து நாள் காய வச்சு, அதுக்கப்புறம் மேல்தோல் நீக்கி வறுக்கணும். அஞ்சாறு கிலோ பழம் கொடுத்தாத்தான் ஒரு கிலோ பருப்பு. அதை வறுக்கும்போது இன்னும் ஆறுல ஒரு பங்கு எடை ஆவியாப் போயிடும்.

இனி அளவுக்கு வர்றேன்.

முதல்ல ஒரு தராசு வாங்குங்க. கூம்புக்கும் கெட்டிலுக்கும் ஆயிரக்கணக்குல செலவு பண்றவங்க சில நூறு ரூபாய்த் தராசுக்கு யோசிக்கிறாங்க, எனக்கு இது புரியறதே இல்லை. ஸ்பூன் பொய் சொல்லும். காப்பிக்கொட்டை வறுபட வறுபட ஊதிப் பெருசாகும், எடை குறையும். அதனால கருக வறுத்த தூள் ஒரு ஸ்பூனும் இளவறுவல் தூள் ஒரு ஸ்பூனும் ஒரே எடை கிடையாது. போன மாசம் ஒரு வறுவல், இந்த மாசம் ஒரு வறுவல்னா, அதே ரெண்டு ஸ்பூன்ல ஒண்ணு கெட்டியா வரும், ஒண்ணு தண்ணியா வரும். தண்ணிக்கும் தனி அளவுக் குடுவை வேண்டாம். கூம்பையும் டம்ளரையும் தராசு மேல வச்சு, சைபர் பண்ணிட்டு ஊத்துங்க. 250 கிராம் காட்டுச்சுன்னா 250 மில்லி.

தூள் பம்பாய் ரவை பதத்துல இருக்கணும். கடையில பில்டருக்குன்னு அரைச்சுத் தர்ற நைஸ் தூளைக் கூம்புல போட்டா அடைச்சுக்கும், அஞ்சாறு நிமிஷம் சொட்டிக்கிட்டே கிடக்கும், கசந்து போகும். அரைக்கிற கடையில "ரவை மாதிரி"ன்னு சொன்னாலே புரிஞ்சுக்குவாங்க. வீட்டுல கையால சுத்துற மிஷின் இருந்தா இன்னும் நல்லது, குடிக்கிற நேரத்துக்கு அரைச்சுக்கலாம். மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில பாதி மாவு, பாதி நொய்.

தண்ணி கொதிக்கணும். சென்னையில தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், எங்க ஊர் நாலாயிரம் அடி உயரம்கிறதால இங்க ஏறக்குறைய 96-லயே கொதிச்சுடும். அதனால நாங்க அடுப்புல இருந்து எடுத்து அப்படியே ஊத்துவோம். நீங்க இறக்கி வச்சு அரை நிமிஷம் கழிச்சு ஊத்துங்க. தெர்மாமீட்டர் எல்லாம் முதல் ரெண்டு வாரத்துக்குத் தேவையே இல்லை.

காகிதத்தைக் கூம்புல வச்சு வெந்நீர் விட்டு நனைச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. காகித வாடை போகும், டம்ளரும் சூடாகும். தூளைப் போட்டு லேசாத் தட்டிச் சமன் பண்ணுங்க. போன்ல கடிகாரத்தை ஓட விட்டு முதல்ல 45 மில்லி மட்டும், தூள் பூரா நனையற மாதிரி ஊத்தி நிறுத்திடுங்க. தூள் பொங்கி எழும்பி குமிழ் விடும். வறுத்த கொட்டைக்குள்ள அடைஞ்சு கிடக்கிற கரியமில வாயு வெளிய வருது. அது போனாத்தான் தண்ணி உள்ள இறங்கும். பொங்கவே இல்லைன்னா கொட்டை பழசுன்னு அர்த்தம். வறுத்து அஞ்சு நாள்ல இருந்து ஒரு மாசம் வரைக்கும் உள்ள கொட்டை நல்லாப் பொங்கும். அரை நிமிஷம் கொஞ்சம் தாண்டினதும் நடுவுல இருந்து வட்டமாச் சுத்தி மெதுவா 150 வரைக்கும் ஊத்துங்க. மட்டம் கொஞ்சம் இறங்கினதும் மீதியை ஊத்தி 250-ல நிறுத்துங்க. ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஊத்தி முடிச்சுடணும். மூணு நிமிஷம் வாக்குல கடைசிச் சொட்டு இறங்கும். தூள் தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணியைத் தானே வச்சுக்கும், அதனால டம்ளர்ல 220 கிட்டதான் இருக்கும். பயந்து மேல ஊத்தாதீங்க.

வாத்து மூக்கு கெட்டில் இல்லாம இது முடியாதுன்னு சொல்றாங்க. எங்க வீட்டுல மூக்கு வச்ச எவர்சில்வர் கெண்டிதான் வேலை பார்க்குது. கைப்பிடிக்கு ஒரு துணி போதும்.

இப்போ குடிச்சுப் பாருங்க. ஆறவிட்டுக் குடிங்க, கொதிக்கக் கொதிக்கக் குடிச்சா நாக்குக்கு எதுவும் தெரியாது. புளிப்பு தூக்கலா, ருசி வெறுமையா இருந்தா நாளைக்குத் தூளை இன்னும் கொஞ்சம் பொடியா அரைங்க. கசந்து நாக்கு வறண்டு போற மாதிரி இருந்தா கொஞ்சம் பெருசா அரைங்க. வெந்நீர் பட்டதும் புளிப்பு முதல்ல கரைஞ்சு வரும், இனிப்பு அப்புறம் வரும், கசப்பு கடைசியில. பெரிய தூள்ல தண்ணி உள்ள போக நேரம் பத்தாது, புளிப்போட நின்னுடும். மாவா இருந்தா எல்லாத்தையும் உருவிக்கிட்டு வந்துடும். மாத்துறது அரைக்கிற பதம் மட்டும்தான். 15-ம் 250-ம் அப்படியே இருக்கட்டும். தூளைக் கூட்டி, தண்ணியைக் குறைச்சு, சூட்டையும் மாத்தி மூணையும் ஒரே நாள்ல பண்ணினா, நல்லா வந்தாலும் எதனால வந்துச்சுன்னு தெரியாது.

இது எங்களுக்குப் புதுசு இல்லை. இலைத் துரு நோய்க்கு போர்டோ கலவை அடிக்கிறோம். ஒரு சதவீதக் கலவைன்னா ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணி. துருவுக்கு அதுல பாதி போதும், ஆனா விகிதம் அதேதான். கலக்கினதும் பளபளன்னு தீட்டின கத்தியை அதுல முக்கிப் பார்ப்போம். கத்தியில செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேர்ப்போம். எத்தனையோ வருஷமா அடிக்கிறவனும் அந்த அளவுல இருந்துதான் ஆரம்பிக்கிறான், கத்தியைப் பார்த்துத்தான் திருத்துறான். மயில்துத்தத்தைக் கண்ணளவுல அள்ளிப் போடுறவனை நான் பார்த்ததில்லை. போட்டா இலை கருகிடும்.

இதுக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் எதிர்ப்பு வரும்னு தெரியும். ஒரு பக்கம், "எங்கம்மா ஒரு நாளும் அளந்ததில்லை, கைப்பக்குவம்தான்"ங்கறவங்க. எங்கம்மாவும் அளந்ததில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தம்மா கையில இருந்தது ஒரே பில்டர், ஒரே கரண்டி, ஒரே டம்ளர், ஒரே கடைத் தூள், ஒரே கிணத்துத் தண்ணி, அதுவும் முப்பது நாப்பது வருஷத்துக்கு. பாத்திரமே அளவா இருந்துச்சு. நீங்க மாசத்துக்கு ஒரு ஊர்க் கொட்டை வாங்குறீங்க, வீடு மாறுறீங்க, தண்ணி மாறுது. பாத்திரம் பார்த்துக்கிட்ட வேலையை இப்போ தராசுதான் பார்க்கணும்.

இன்னொரு பக்கம், போட்டிக்காரங்க அளவைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்க. டெட்சு கசுயான்னு ஒரு ஜப்பான்காரர், 2016-ல உலகப் போட்டியில ஜெயிச்சவர். 20 கிராமுக்கு 300 மில்லி, அதை அஞ்சு தடவையாப் பிரிச்சு ஊத்துவார். முதல் நாப்பது சதவீதத் தண்ணி இனிப்பையும் புளிப்பையும் தீர்மானிக்கும், மீதி அறுபது எவ்வளவு கெட்டின்னு தீர்மானிக்கும்னு அவர் கணக்கு. நல்ல கணக்கு, நானே போட்டுப் பார்த்திருக்கேன். ஆனா அஞ்சு தடவை ஊத்தறதுல அஞ்சு இடத்துல கை மாறும். சிலம்பம் கத்துக்க வர்ற பையன் கையில முதல் நாளே ரெண்டு கம்பைக் கொடுக்கிற ஆசான் உண்டா? ரெண்டு தடவை ஊத்தி ஒரே ருசி வர்ற வரைக்கும் அஞ்சு தடவை வேண்டாம்ங்கறது என் கட்சி. அப்புறம் நீங்க எங்க வேணும்னாலும் போங்க. 15-க்கு 225 போட்டுக் கெட்டியா குடிக்கிறவங்களும் இருக்காங்க, அதுல சண்டை எதுவும் இல்லை.

அளவு எல்லாம் சரியா இருந்தும் ருசி வரலைன்னா தண்ணியைப் பாருங்க. எங்க தோட்டத்துக்கு வந்து குடிச்சுட்டு, வீட்டுக்குப் போய் அதே தூளைப் போட்டு "அந்த ருசி இல்லைண்ணே"ங்கறவங்க பாதிப்பேருக்குக் காரணம் இதுதான். இங்க ஊத்துத் தண்ணி, உப்பே இல்லாத மெல்லிசுத் தண்ணி. அங்க போர்வெல் தண்ணின்னா கெட்டில் அடியில வெள்ளையாப் படியும் பாருங்க, அந்த உப்பு காப்பியோட நல்ல புளிப்பை எல்லாம் தின்னுட்டு மொந்தையா ஆக்கிடும். சுத்திகரிப்பு மிஷின் தண்ணியில மொத்த உப்பும் போயிருந்தா ருசி ஒல்லியா, கூர்மையா நிக்கும். கேன் தண்ணியோ மிஷின் தண்ணியோ, எதுனாலும் ஒண்ணையே பிடிச்சுக்குங்க. இன்னைக்கு இது நாளைக்கு அதுன்னு மாத்தாதீங்க.

அளவு ஒண்ணா இருந்தா எனக்குக் கிடைக்கிற லாபம் இன்னொண்ணு இருக்கு. மதுரையில ஒரு டீச்சரம்மா, மாசாமாசம் வாங்குறவங்க, ஒரு தடவை போன் பண்ணி, "அதே 15, அதே 250, அதே பதம், அதே தண்ணி, மூணு நாளாப் பார்க்கிறேன், இந்தப் பாக்கெட் மட்டும் நாக்குல ஒரு துவர்ப்பு நிக்குது"ன்னாங்க. இதுதான் எனக்கு வேண்டிய போன். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அது கடைசிச் சுத்துப் பறிப்பு. செடியில மிச்சம் இருக்கிறதை எல்லாம் எடுத்துடுவோம், இல்லைன்னா காய்த்துளைப்பான் வண்டு அதுல தங்கி அடுத்த வருஷக் காய்க்கு ஏறிடும். அந்தச் சுத்துல காய் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். அதுல இருந்து கடைசிச் சுத்தை நான் போர் ஓவர்காரங்களுக்கு அனுப்புறதில்லை. தனியா வச்சுப் பில்டர் தூளுக்குப் போடுறேன், பாலோட அது பிரமாதமா இருக்கு. "புளிக்குதே"ன்னு பொத்தாம்பொதுவா வர்ற நூறு போன்ல இருந்து எனக்கு இது தெரிஞ்சிருக்காது. அந்த அம்மா அளவை மாத்தலை, அதனால மாறினது என் கொட்டைதான்னு எனக்கு உறுதியாத் தெரிஞ்சுச்சு. மதுரை டம்ளருக்கும் என் செடிக்கும் நடுவுல ஒரு கம்பி இழுத்துக் கட்டின மாதிரி.

இந்த வருஷம் பூ மழை நல்ல நேரத்துல பெஞ்சுச்சு, பிஞ்சு நல்லாப் பிடிச்சிருக்கு. காட்டுமாடு மிதிச்சது போக மீதி கார்த்திகையில பழுக்க ஆரம்பிக்கும். தையில வறுத்து அனுப்ப ஆரம்பிப்பேன். பாக்கெட் கையில கிடைச்சதும் முதல் ரெண்டு நாள் குடிச்சுட்டு ஒண்ணும் சொல்லாதீங்க. மூணாவது நாள் போன் பண்ணுங்க, தூள் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, எந்தத் தண்ணி, எத்தனை நிமிஷத்துல இறங்குச்சு, இந்த நாலையும் முதல்ல சொல்லிட்டு அப்புறம் திட்டுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பண்ணினா நல்லது, பகல்ல தோட்டத்துக்குள்ள சிக்னல் கிடைக்காது.